மாவட்டக் கணக்கில் மறைந்துபோகும் மஹல்லாக்கள்!

"சிறுபான்மையினர் செறிந்து வாழும் பகுதி என்று எழுதியிருக்கிறீர்களே பாய், எத்தனை சதவீதம்?"

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அரசு அலுவலகத்தில் எங்களிடம் கேட்கப்பட்ட கேள்வி இது. எங்கள் மஹல்லாவில் பெண் பிள்ளைகள் எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறார்கள். உயர்நிலைப் பள்ளி தொலைவில் இருக்கிறது. நெடுஞ்சாலையைத் தாண்டிப் போக வேண்டும். பெற்றோர் பயப்படுகிறார்கள். பக்கத்திலேயே ஒரு பள்ளி வேண்டும் என்று ஜமாஅத் சார்பில் மனு எழுதி, முந்நூறு பேரிடம் கையெழுத்து வாங்கி, ஐந்து பேர் சேர்ந்து கொண்டு போயிருந்தோம்.

அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். உட்காரச் சொன்னார். மனுவை முழுதும் படித்தார். படித்துவிட்டுத்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"பள்ளிவாசலைச் சுற்றி ஆறு தெருவும் நம்ம ஆட்கள்தான் சார்" என்றார் எங்கள் முத்தவல்லி.

"நீங்கள் சொன்னால் போதாது. சென்சஸ் புள்ளிவிவரம் இணைக்க வேண்டும். கொண்டு வாருங்கள், மேலே அனுப்பி வைக்கிறேன்."

கொண்டு வரப் போனோம். மாவட்டத்துக்குக் கணக்கு இருந்தது. தாலுகாவுக்கு இருந்தது. நகரத்துக்கு மொத்தமாக இருந்தது. எங்கள் வார்டில் முஸ்லிம்கள் எத்தனை பேர் என்ற கணக்கு மட்டும் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அந்த மனு இன்றுவரை மேலே போகவில்லை. அன்று எட்டாம் வகுப்பில் இருந்த பிள்ளைகள் இன்று பிள்ளை பெற்றுவிட்டார்கள்.

அந்த அதிகாரி மீது நமக்குக் கோபமில்லை. அவர் விதிப்படி கேட்டார். அரசாங்கமே எடுத்து, அரசாங்கமே வைத்துக்கொண்டு, வெளியிடாமல் இருக்கும் ஒரு கணக்கைக் கொண்டு வா என்று நம்மிடம் கேட்கிற அந்த ஏற்பாட்டின் மீதுதான் நமக்குக் கோபம்!

எண்ணுவது தெருவில், சொல்வது மாவட்டத்தில்!

மக்கள் தொகைக் கணக்கெடுப்பு எப்படி நடக்கிறது என்பதை நம் இளைஞர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

கணக்கெடுக்க வரும் ஆசிரியருக்கு ஊர் முழுவதையும் கொடுப்பதில்லை. நாட்டை முழுவதும் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்து, ஒருவருக்கு ஒரு துண்டு என்று கொடுக்கிறார்கள். ஒரு துண்டில் சுமார் 600 முதல் 800 பேர் இருப்பார்கள். இதற்குக் கணக்கெடுப்புப் பிளாக் என்று பெயர். நம் ஊர்களில் மூன்று, நான்கு தெரு சேர்ந்தால் ஒரு பிளாக். அந்த ஆசிரியர் வீடு வீடாகப் போய், ஒவ்வொருவருக்கும் பெயர், வயது, படிப்பு, தொழில், தாய்மொழி, மதம் எல்லாவற்றையும் எழுதிக் கொள்கிறார்.

ஆக, எந்த நாலு தெருவில் எத்தனை முஸ்லிம்கள், அவர்களில் படித்தவர் எத்தனை, வேலையில்லாதவர் எத்தனை என்பது அரசின் கையில் இருக்கிறது. இல்லாத ஒன்றைப் புதிதாகக் கணக்கெடுக்கச் சொல்லி நாம் கேட்கவில்லை. இருப்பதைக் காட்டுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

2011 கணக்கெடுப்பில் நாட்டில் 640 மாவட்டங்கள், 5,924 தாலுகா அளவிலான பிரிவுகள், 7,935 நகரங்கள், சுமார் 6 லட்சத்து 41 ஆயிரம் கிராமங்கள் இருந்தன. நகரத்துக்குள் வார்டுகள். மக்கள் தொகை எவ்வளவு, ஆண் பெண் எவ்வளவு, ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் எவ்வளவு, எழுதப் படிக்கத் தெரிந்தவர் எவ்வளவு, உழைப்பவர் எவ்வளவு என்று கிராமம் வரைக்கும், வார்டு வரைக்கும் அட்டவணை வெளியிடப்பட்டது. தாழ்த்தப்பட்ட மக்கள், பழங்குடி மக்கள் எத்தனை பேர் என்பதும் அதே அட்டவணையில் வார்டு வாரியாக இருக்கிறது.

மதவாரிக் கணக்கு மட்டும் மாவட்டம், தாலுகா, நகரம் என்பதோடு நின்றுவிட்டது. கிராமத்துக்கு இல்லை. வார்டுக்கு இல்லை. அதையும்கூட உடனே தரவில்லை. வார்டு வாரியான பொது அட்டவணை 2013-இல் வெளிவந்தது. மதவாரிக் கணக்கு 2015 ஆகஸ்டில்தான் வெளிவந்தது. எண்ணி முடித்து நான்கு ஆண்டுகள் கழித்து!

தாழ்த்தப்பட்ட சகோதரர்களுக்கு வார்டு வாரியாகக் கணக்குக் கொடுப்பதை நாம் குறை சொல்லவில்லை. அது அவர்களது உரிமை. அந்தக் கணக்கு இருப்பதால்தான் எந்த வார்டைத் தனி வார்டாக ஒதுக்குவது, எந்தக் காலனிக்குத் தண்ணீர்த் தொட்டி கட்டுவது என்று கேட்டு வாங்க முடிகிறது. அதே தாளில் இன்னும் ஒரு பத்தி போட்டால் போதும் என்பதுதான் நமது கோரிக்கை.

வீட்டுக் கணக்கெடுப்பின் கதையும் இதுதான். எந்த வார்டில் எத்தனை வீட்டுக்குக் குழாய்த் தண்ணீர் இருக்கிறது, எத்தனை வீட்டுக்குச் சாக்கடை வசதி இல்லை என்பது வார்டு வரைக்கும் வெளியாகியிருக்கிறது. அந்த வார்டில் முஸ்லிம்கள் எத்தனை பேர் என்பது இல்லை. ஆகவே முஸ்லிம் தெருவுக்குச் சாக்கடை வரவில்லை என்று நாம் சொன்னால், 'ஆதாரமில்லாத குற்றச்சாட்டு' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட முடிகிறது.

மேலப்பாளையம் எங்கே போனது?

வாணியம்பாடி, ஆம்பூர், மேல்விஷாரம், கீழக்கரை, காயல்பட்டினம், கடையநல்லூர் போன்ற ஊர்களுக்கு இந்தக் கஷ்டம் கொஞ்சம் குறைவு. அவை தனி நகரங்கள். ஆகவே மதவாரிக் கணக்கில் அவற்றுக்கென்று ஒரு வரி இருக்கிறது.

மேலப்பாளையத்தைப் பாருங்கள். தமிழகத்தில் முஸ்லிம்கள் மிகுதியாக வாழும் ஊர்களில் ஒன்று. ஒரு காலத்தில் தனி நகராட்சி. 1994-இல் திருநெல்வேலி, பாளையங்கோட்டை, மேலப்பாளையம், தச்சநல்லூர் ஆகியவற்றைச் சேர்த்துத் திருநெல்வேலி மாநகராட்சி அமைக்கப்பட்டது. அன்றோடு மேலப்பாளையத்தின் தனி வரி போய்விட்டது. 2011 கணக்கில் திருநெல்வேலி மாநகராட்சி முழுவதற்கும் ஒரே கணக்கு. அதில் முஸ்லிம்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. கிறிஸ்தவர்கள் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு.

இதில் என்ன நஷ்டம் என்று வியாபாரிகளுக்குச் சொல்லத் தேவையில்லை. நான்கு கடைகளின் வரவு செலவை ஒரே பேரேட்டில் சேர்த்து எழுதினால், எந்தக் கடை நஷ்டத்தில் ஓடுகிறது என்று முதலாளிக்கே தெரியாது. பாளையங்கோட்டையில் பழைய கல்விக்கூடங்கள் நிறைய உண்டு. அங்குள்ள படிப்பும் மேலப்பாளையத்தின் படிப்பும் சேர்ந்து ஒரே சராசரியாக வந்தால், மேலப்பாளையத்துப் பீடி சுற்றும் பெண்ணின் நிலை எந்த ஏட்டில் தெரியும்? சிறுபான்மையினர் நகரம் என்று நிதி வந்தாலும், அதை நகரத்தின் எந்த மூலையில் செலவழித்தாலும் கணக்கு சரியாகிவிடும். மேலப்பாளையத்துக்கு ஏன் தரவில்லை என்று கேட்க, கையில் ஒரு எண் இருக்காது.

சென்னையும் அப்படித்தான். 2011-இல் சென்னை மாவட்டத்தில் முஸ்லிம்கள் 9.45 சதவீதம். திருவல்லிக்கேணிக்கும் மண்ணடிக்கும் வியாசர்பாடிக்கும் இந்த ஒரே எண்தான் பதில்! தமிழகம் முழுவதற்கும் 5.86 சதவீதம், அதாவது 42 லட்சத்து 29 ஆயிரம் பேர். மேடைகளில் சொல்ல இந்த எண் உதவும். ஒரு தெருவுக்கு ஒரு தண்ணீர்க் குழாய் வாங்கித் தர இது உதவாது.

41, 90, 710, 1,300!

சிறுபான்மையினர் செறிந்து வாழும் பகுதிகளை முன்னேற்றப் போகிறோம் என்று மத்திய அரசு பலமுறை சொல்லியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் எந்த அளவுகோலை எடுத்தார்கள் என்று பாருங்கள்.

1987-இல் 41 மாவட்டங்கள் என்று ஒரு பட்டியல் போட்டார்கள். அதற்கு அடிப்படை 1971 கணக்கெடுப்பு. 2007-இல் 2001 கணக்கெடுப்பை வைத்து 90 மாவட்டங்கள் என்றார்கள். அந்தத் தொண்ணூறில் தமிழகத்தின் ஒரு மாவட்டம்கூட இல்லை! ஆம்பூரின் தோல் தொழிலாளியும் மேலப்பாளையத்தின் பீடித் தொழிலாளியும் வசதி படைத்தவர்கள் என்பதாலா? இல்லை. அவர்கள் வாழும் மாவட்டம் பெரியது, அந்தப் பெரிய மாவட்டத்தில் அவர்கள் சிறு பகுதி என்பதால்.

பட்டியலில் இடம்பெற்ற மாவட்டங்களிலாவது பலன் கிடைத்ததா? மாவட்டம்தான் அளவு என்றால், முஸ்லிம் ஒருவர்கூட இல்லாத ஊரில் கட்டடம் கட்டினாலும் அது 'சிறுபான்மையினர் மாவட்டத்தில்' கட்டியதுதான். பணம் நம் பெயரில் வரும், வேறு பக்கம் போகும் என்ற புகார் நாடெங்கும் எழுந்தது. பிறகு 12-ஆம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் மாவட்டத்தை விட்டுவிட்டு 710 வட்டாரங்கள், 66 நகரங்கள் என்று இறங்கி வந்தார்கள். 2018-இல் திட்டத்தின் பெயரை மாற்றி, 870 வட்டாரங்கள், 321 நகரங்கள், 109 மாவட்டத் தலைநகரங்கள், ஆக 1,300 பகுதிகள் என்றார்கள்.

மாவட்டத்திலிருந்து வட்டாரத்துக்கு இறங்கியபோதே, மாவட்ட அளவு தவறு என்பதை அரசே ஒப்புக்கொண்டுவிட்டது. அப்படியானால் ஏன் பாதிப் படியில் நிற்க வேண்டும்? ஒரு வட்டாரத்தில் ஐம்பது, அறுபது கிராமங்கள் இருக்கும். அதில் நாம் வாழ்வது மூன்று கிராமத்தில். அந்த மூன்றுக்கும் போய்ச் சேரும் வரை இறங்க வேண்டாமா?

வியாபாரப் பெருமக்களுக்கு இன்னொரு செய்தி. வங்கிகள் சிறுபான்மையினருக்குக் கடன் கொடுக்கிறார்களா என்று கண்காணிக்க ரிசர்வ் வங்கி ஒரு பட்டியல் வைத்தது. அதில் 121 மாவட்டங்கள். அங்கும் மாவட்டம்தான் அளவு! உங்கள் கடைத்தெருவில் உள்ள வங்கிக் கிளை எத்தனை முஸ்லிம் வியாபாரிக்குக் கடன் மறுத்தது என்பது அந்தப் பட்டியலில் எப்படித் தெரியும்?

சச்சாருக்கு ஒருமுறை திறந்தது!

'மதக் கணக்கைக் கிராம அளவில் தருவது முடியாத காரியம்' என்று சொல்வார்கள். முடியும் என்பதற்குச் சாட்சி நீதியரசர் ராஜிந்தர் சச்சார் குழு.

2005-இல் அமைக்கப்பட்டு 2006 நவம்பரில் அறிக்கை தந்த அந்தக் குழு, கிராமங்களை முஸ்லிம்களின் விகிதப்படி பிரித்து ஆராய்ந்தது. முஸ்லிம்கள் செறிந்து வாழும் சிறு கிராமங்களில் சுமார் மூன்றில் ஒன்றில் எந்தக் கல்விக்கூடமும் இல்லை என்று கண்டது. முஸ்லிம்கள் கணிசமாக வாழும் பெரிய கிராமங்களில் சுமார் 40 சதவீதத்தில் எந்த மருத்துவ வசதியும் இல்லை என்று கண்டது. கிராமக் கணக்கு கையில் இருந்ததால்தான் இதைச் சொல்ல முடிந்தது. பெட்டி ஒருமுறை திறந்தது, உண்மை வெளியே வந்தது. பிறகு பெட்டியைப் பூட்டிவிட்டார்கள்!

2023-இல் பொருளாதார ஆய்வாளர்கள் சிலர் வேறு வழியில் இதே கேள்வியை எடுத்தார்கள். சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பில் இருந்த பெயர்களை வைத்து, நாடெங்கும் 15 லட்சம் குடியிருப்புப் பகுதிகளை ஆராய்ந்தார்கள். ஒரே நகரத்துக்குள்ளேயே முஸ்லிம்கள் வாழும் பகுதிகளிலும் தாழ்த்தப்பட்டோர் வாழும் பகுதிகளிலும் பள்ளி, மருத்துவமனை, தண்ணீர், சாக்கடை வசதிகள் குறைவாக இருப்பது தெரிந்தது. அநீதி நடப்பது பெரும்பாலும் ஒரு நகரத்துக்கும் இன்னொரு நகரத்துக்கும் இடையில் அல்ல. ஒரே நகரத்தின் ஒரு பகுதிக்கும் அடுத்த பகுதிக்கும் இடையில்தான். மாவட்ட, நகரச் சராசரிகளைப் பார்த்தால் இது கண்ணுக்கே தெரியாது என்பதையும் அவர்கள் சொன்னார்கள். கணக்கு வெளியில் இருந்திருந்தால் அவர்கள் பெயர்களைத் துருவ வேண்டிய அவசியம் என்ன?

ஒரு பாதிரியார் போட்ட கோடு

மற்ற நாடுகளில் என்ன செய்கிறார்கள்?

அமெரிக்காவில் 'டிராக்ட்' என்று ஒரு சிறு பிரிவு உண்டு. சராசரியாக 4,000 பேர் வாழும் பகுதி. இந்த யோசனையை 1906-இல் முன்வைத்தவர் சென்சஸ் அதிகாரி அல்ல. நியூயார்க்கில் தேவாலயங்களின் கூட்டமைப்பில் பணியாற்றிய வால்டர் லெய்ட்லா என்ற பாதிரியார்! எந்தத் தெருவில் எந்த மக்கள் குடியேறுகிறார்கள், எங்கே யாருக்கு உதவி தேவை என்று அறிய அவர் விரும்பினார். வார்டு எல்லைகளோ அரசியலுக்காக அடிக்கடி மாறின. ஆகவே மாறாத சிறு எல்லைகளை வரைந்து, கணக்கெடுப்புத் துறையிடம் கொண்டுபோனார். 1910 கணக்கெடுப்பில் எட்டுப் பெரிய நகரங்களுக்கு அப்படிக் கணக்கு எடுக்கப்பட்டது. இன்று அந்த நாடு முழுவதும் டிராக்ட்தான்.

சகோதரர்களே! ஒரு மதப் பணியாளர் தம் மக்களின் தெருக் கணக்கைக் கேட்டு வாங்கியிருக்கிறார். நம் ஆலிம்கள், மிம்பரில் நிற்பவர்கள், என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், இதைப் பற்றி ஒரு ஜும்ஆவிலாவது பேசியிருக்கிறோமா?

இங்கிலாந்தில் 2001 கணக்கெடுப்பில்தான் மதம் பற்றிய கேள்வி சேர்ந்தது. அதற்காகக் குரல் கொடுத்தவர்களில் அங்குள்ள முஸ்லிம் அமைப்புகள் முன்னணியில் இருந்தன. அந்தக் கணக்கைச் சுமார் 300 பேர் வாழும் மிகச் சிறு பகுதி வரைக்கும் வெளியிடுகிறார்கள். யாருடைய அந்தரங்கமும் வெளியாகக் கூடாது என்பதற்காக, ஒரு பகுதியில் குறைந்தது 40 வீடுகளும் 100 பேரும் இருக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள்.

அவ்வளவு தூரம் போவானேன்? பக்கத்திலுள்ள இலங்கையைப் பாருங்கள். சுமார் 14 ஆயிரம் கிராம அலுவலர் பிரிவுகள். 2012 கணக்கெடுப்பில் ஒவ்வொரு பிரிவிலும் எந்த இனத்தவர் எத்தனை பேர், எந்த மதத்தவர் எத்தனை பேர் என்று வெளியிட்டார்கள். முப்பது ஆண்டு யுத்தம் நடந்த நாடு அது. அவர்களால் முடிந்தது உலகின் பெரிய ஜனநாயகம் என்று சொல்லிக்கொள்ளும் நம்மால் முடியாதா?

ஆபத்து இல்லையா?

'எந்தத் தெருவில் எத்தனை முஸ்லிம் என்று நாமே ஊருக்குச் சொல்ல வேண்டுமா? நாளைக்குக் கலவரக்காரன் கையில் அது கிடைத்தால்?' என்று சில சகோதரர்கள் கேட்கிறார்கள். இது கோழைத்தனமான கேள்வி அல்ல. வரலாறு தெரிந்தவர்களின் கேள்வி.

1941-இல் ஹிட்லரின் ஆக்கிரமிப்பில் இருந்த ஆம்ஸ்டர்டாம் நகரில் ஒரு வரைபடம் தயாரித்தார்கள். பத்து யூதர்களுக்கு ஒரு புள்ளி. பிறகு அந்த மக்கள் வதை முகாம்களுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். 1942-இல் அமெரிக்கக் கணக்கெடுப்புத் துறை, ஜப்பானிய வம்சாவளியினர் எந்தத் தெருப் பகுதியில் எத்தனை பேர் என்று இராணுவத்துக்குக் கணக்குக் கொடுத்தது. சுமார் ஒரு லட்சத்து இருபதாயிரம் பேர் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். 2002-லும் 2003-லும் அதே துறை, அரபு வம்சாவளியினர் எந்த நகரத்தில், எந்த அஞ்சல் குறியீட்டுப் பகுதியில் எத்தனை பேர் என்று பாதுகாப்புத் துறைகளுக்குத் தொகுத்துக் கொடுத்தது. 2004-இல் அது அம்பலமானது. நம் நாட்டில் 2002 குஜராத்தில் கொலைகாரர்கள் முகவரிப் பட்டியலோடு வந்தார்கள் என்பதை மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்துள்ளன.

ஆகவே பயம் நியாயமானது. ஆனால் அந்தப் பயத்துக்கு என்ன மருந்து என்பதை நிதானமாகச் சிந்திக்க வேண்டும்.

முதலாவது, கணக்கு அரசிடம் ஏற்கெனவே இருக்கிறது. அட்டவணையை அச்சிடாததால் அது இல்லாமல் போய்விடவில்லை. அமெரிக்காவில் நடந்தது என்ன? பொதுமக்களுக்காகப் போட்ட அட்டவணையால் வந்த கேடு அல்ல அது. அதிகாரத்தில் இருப்பவர்கள் தங்களுக்குள் தனியாகக் கேட்டு வாங்கிய கணக்கால் வந்த கேடு. நமக்குக் காட்டாமல் மூடி வைத்தால், அதிகாரம் உள்ளவனுக்கு மட்டும் அது தெரியும். மனு எழுதுகிறவனுக்குத் தெரியாது.

இரண்டாவது, கலவரக்காரனுக்கு வார்டு சதவீதம் எதற்கு? அவனுக்கு வேண்டியது பெயரும் கதவு எண்ணும். அது வாக்காளர் பட்டியலிலேயே இருக்கிறது. கடைப் பெயர்ப் பலகையில் இருக்கிறது. 'வார்டு எண் 12-இல் முஸ்லிம்கள் 61 சதவீதம்' என்ற வரி அவனுக்குப் புதிதாக எதையும் சொல்வதில்லை. அந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததைத்தான் அது சொல்கிறது. அது உதவப்போவது பள்ளி கேட்டு மனு எழுதும் முத்தவல்லிக்கு.

மூன்றாவது, 1948-ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு, தனி மனிதர் தந்த விவரங்களை யாரும் பார்வையிடவோ நீதிமன்றத்தில் சாட்சியமாக வைக்கவோ முடியாது என்கிறது. இந்தப் பூட்டு இன்னும் உறுதியாக இருக்க வேண்டும். பெயர் வெளியே வரக் கூடாது, எண்ணிக்கை வெளியே வர வேண்டும். இரண்டையும் நாம் சேர்த்தே கேட்க வேண்டும்.

இன்னொரு குழப்பமும் இருக்கிறது. 2019, 2020-இல் குடிமக்கள் பதிவேட்டை எதிர்த்து நாம் தெருவில் நின்றோம். அதனால் கணக்கெடுப்பு என்றாலே கதவைச் சாத்தும் மனநிலை சிலருக்கு வந்துவிட்டது. மக்கள் தொகைப் பதிவேடு குடியுரிமை விதிகளின் கீழ் வருவது. மக்கள் தொகைக் கணக்கெடுப்பு 1948 சட்டத்தின் கீழ் வருவது. இரண்டும் ஒன்றல்ல. வருகிற படிவம் எந்தச் சட்டத்தின் கீழ் என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நம் உரிமை. கணக்கெடுப்பில் நம்மைப் பதிவு செய்துகொள்வது நம் கடமை. கதவைச் சாத்தினால் குறையப் போவது நம் எண்ணிக்கைதான்.

நம் வீட்டுக் குறை

அரசைக் கேட்கும் முன் நம் முதுகையும் கொஞ்சம் பார்த்துக்கொள்வோம். எங்கள் மனு தோற்றபோது, 'சென்சஸ் இல்லாவிட்டால் என்ன, நம் ஜமாஅத் புத்தகம் இருக்கிறதே' என்று ஒரு தம்பி சொன்னார். எடுத்துப் பார்த்தோம். வெட்கமாகப் போய்விட்டது. அதில் இருந்தது சந்தா கட்டுகிற குடும்பங்களின் பெயர் மட்டும்! சந்தா கட்ட முடியாத விதவை இல்லை. வெளியூரிலிருந்து வந்து வாடகைக்கு இருப்பவர் இல்லை. பள்ளிக்கூடம் யாருக்குத் தேவையோ அந்தக் குடும்பங்கள்தான் அதில் இல்லை!

நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் இஸ்லாத்தை ஏற்றவர்களின் பெயர்களை எழுதித் தருமாறு பணித்தார்கள் என்றும், ஆயிரத்து ஐந்நூறு பேரை எழுதினோம் என்றும் ஹுதைஃபா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரியில் இருக்கிறது. அந்தச் சின்னச் சமுதாயம் தன்னை எண்ணிக்கொண்டது.

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் உதவித் தொகைக்காகப் பதிவேடு வைத்தார்கள். பால்குடி மறந்த குழந்தைக்குத்தான் உதவித்தொகை என்பது முதலில் இருந்த விதி. ஓர் இரவு ஒரு குழந்தை விடாமல் அழுவதைக் கேட்டு விசாரித்தார்கள். உதவித்தொகைக்காகத் தாய் அவசரமாகப் பால்குடியை நிறுத்துகிறாள் என்று தெரிந்தது. அந்த மாமனிதர் அழுதார்கள். பிறந்த நாளிலிருந்தே குழந்தையைக் கணக்கில் சேர்க்க உத்தரவிட்டார்கள். பதிவேட்டில் ஒரு விதி தவறாக இருந்தால் அதன் பாரம் ஒரு பச்சைக் குழந்தையின் மீது விழும் என்பதை அந்த ஆட்சியாளர் புரிந்துகொண்டார்கள். நம் ஆட்சியாளர்கள் எப்போது புரிந்துகொள்வார்கள்?

அளவில் குறை வைப்போருக்குக் கேடு என்று எச்சரிக்க ஒரு அத்தியாயமே அருளப்பட்டிருக்கிறது. தராசில் குறை வைப்பது மட்டும்தான் அளவு மோசடியா? ஒரு மக்களின் தேவையைத் தப்பான படியால் அளப்பதும் அளவு மோசடிதான்.

என்ன செய்யப் போகிறோம்?

2021-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு கொரோனாவைக் காரணம் காட்டித் தள்ளிப்போடப்பட்டது. இப்போது 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாக வைத்து, 2027 பிப்ரவரியில் ஆட்களை எண்ணும் கட்டம் என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது. மதம் கேட்கப்படுவது அந்தக் கட்டத்தில்தான். சாதியும் கேட்கப்படும். காகிதத்துக்குப் பதில் கைப்பேசியில் பதிவு செய்யப்போகிறார்கள். இனி 'தொகுக்க ஆள் இல்லை, நேரம் இல்லை' என்று சாக்குச் சொல்ல வழியில்லை. எந்த அளவுக்கு வேண்டுமோ அந்த அளவுக்குக் கணினி பிரித்துத் தரும். மனம்தான் வேண்டும்.

நம் கோரிக்கைகள் நான்கு.

ஒன்று: மதவாரி எண்ணிக்கையும், மதவாரிக் கல்வி, தொழில் விவரங்களும் கிராமம், வார்டு வரை வெளியிடப்பட வேண்டும். மிகச் சில வீடுகளே உள்ள இடங்களில் அந்தரங்கம் காக்க அடுத்த பகுதியோடு சேர்த்து வெளியிடட்டும்.

இரண்டு: மாநகராட்சியோடு இணைக்கப்பட்ட பழைய ஊர்களுக்குத் தனிக் கணக்கு வேண்டும். சென்னை மாநகராட்சி 2011-இல் 155 வார்டிலிருந்து 200 வார்டானது. இப்படி எல்லை மாறும்போதெல்லாம் பழையதையும் புதியதையும் ஒப்பிட முடியாமல் போகிறது. மாறாத சிறு பிரிவுகள் வேண்டும்.

மூன்று: சிறுபான்மையினர் நலத்திட்டங்கள் அனைத்துக்கும் வார்டும் கிராமமுமே அளவாக வேண்டும். எந்தப் பணம் எந்தத் தெருவுக்குப் போனது என்று பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும்.

நான்கு: தனி மனிதர் விவரமோ தனித் தொகுப்போ காவல் துறைக்கும் உளவுத் துறைக்கும் தரப்படாது என்பதைச் சட்டத்தில் இன்னும் தெளிவாக எழுத வேண்டும்.

இளைஞர்களே! 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உங்கள் கையில் இருக்கிறது. உங்கள் நகரத்தின் மதவாரிக் கணக்கு வார்டு வாரியாகத் தொகுக்கப்பட்டுள்ளதா, இல்லையென்றால் ஏன் என்று ஊருக்கு ஒருவர் கேட்டு எழுதுங்கள். கணக்கெடுப்பாளர் வரும் நாளில் தெருவுக்கு இரண்டு பேர் நில்லுங்கள். வளைகுடாவில் இருப்பவரின் மனைவி தனியாக இருக்கும் வீடு, கடை மாடியில் தங்கியிருக்கும் வெளியூர்த் தொழிலாளி, சந்தின் கடைசியில் ஓலை வீடு எதுவும் விடுபட்டுவிடக் கூடாது.

வியாபாரப் பெருமக்களே! உங்களுக்கு இருப்புக் கணக்கு எடுக்கத் தெரியும். ஜமாஅத்துக்கு ஒரு நல்ல கணினியும், இரண்டு படித்த பிள்ளைகளும் ஏற்பாடு செய்து கொடுங்கள். சந்தா கட்டுவோர், கட்டாதோர் என்று பார்க்காமல் மஹல்லா முழுவதையும் எழுதுங்கள். அரசின் கணக்கு வரும் நாளில் நம் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

நாங்கள் அந்த மனுவைத் திரும்ப எழுதி வைத்திருக்கிறோம். பள்ளிக்கூடம் கேட்டுத்தான். அன்றைய பிள்ளைகளின் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். 'எத்தனை சதவீதம் பாய்?' என்று அதே கேள்வி வரும். இந்த முறை பதில் சொல்ல எண்ணோடு போக வேண்டும், இன்ஷா அல்லாஹ்.